முடிச்சை எண்ணு, மூணரை லட்சத்தை அப்புறம் எண்ணலாம்

"வாங்கலாமா வேண்டாமா அப்பிச்சி?"ன்னு இஸ்தான்புல்லுல இருந்து போன் போட்டுக் கேக்கறயே கண்ணு, எனக்கு ரொம்பச் சந்தோசம். பொண்ணு பாக்கறப்பக் கேக்கல. ஊடு வாங்கி இருவது வருசக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டப்பவும் கேக்கல. ஒரு கம்பளத்துக்கு இந்தக் கெழவன்ற ரோசனை வேணும்னு ஆயிருக்குது. பவானியில தறிக்குழிக்குள்ள காலை உட்டுட்டே ஆயுசுல பாதியைக் கழிச்சதுக்கு இப்பத்தான் ஒரு மருவாதை வந்திருக்குது.

மொதல்ல இதைச் சொல்லு. டீ குடிச்சாச்சா? இடுப்பு சிறுத்த கண்ணாடி டம்ளர்ல ஆப்பிள் டீ குடுத்திருப்பானே. எத்தனையாவது டம்ளர்? மூணாவதா? அப்ப நீ வாங்கறதுன்னு எப்பவோ முடிவு பண்ணிப்போட்ட. இப்ப உனக்கு வேணுங்கறது ஒரு சாட்சிக் கையெழுத்து. நாளைக்கு உங்கம்மா கத்தினா "அப்பிச்சிதான் சொன்னாரு"ன்னு கையைக் காட்டறதுக்கு ஒரு ஆளு. பரவால்ல, காட்டிக்க. ஆனா நான் சொல்றதை முழுசாக் கேட்டுப்போட்டுக் காட்டு.

உன்ற பொண்டாட்டி பக்கத்துலதான இருக்கறா? அவ என்ன சொல்றா? "உங்க இஷ்டம்"னு சொல்லிட்டாளா? அட கெரகமே. அப்ப அவளுக்குப் புடிக்கல. அதை மட்டும் இப்போதைக்கு முடிஞ்சு வெச்சுக்க.

நீ உக்காந்திருக்கற எடம் லேசுப்பட்டதில்ல கண்ணு. ரவைக்குத் தூக்கம் வராத கெழவனுக்கு யூடியூப்தான் தொணை, நான் எல்லாம் பாத்துட்டேன். மெஹ்மத் சுல்தான் 1453-ல அந்த ஊரைப் புடிச்சான். அடுத்த சில வருசத்துலயே இந்தச் சந்தையைக் கட்டச் சொல்லிப்போட்டான். இன்னைக்கு 61 தெருவு, 4,000 கடை, எல்லாம் கூரைக்கு அடியில. ஐநூத்தம்பது வருசத்துக்கு மேல வெளியூர்க்காரன் மூஞ்சியைப் பாத்தே மடியில எத்தனை இருக்குதுன்னு கணக்குப் போட்டுப் பழகின தெருவு. நீ பழகினது என்ன? செல்போன்ல கூடையில போட்டு வெச்சு, ரெண்டு நாள் கழிச்சு தள்ளுபடி வந்தா வாங்கறது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பந்தயம்னா நான் யார் மேல பணம் கட்டுவேன்?

"நாப்பது கம்பளம் விரிச்சுக் காட்டிட்டாங்க அப்பிச்சி, ஒண்ணும் வாங்காம எந்திரிக்கச் சங்கடமா இருக்குது"ங்கற. நீ யார்ற பேரன்னு மறந்துபோச்சா? ஈரோட்டுல உங்க அம்மிச்சி ஜவுளிக்கடைக்குப் போனான்னா, கடைப்பையனுகளுக்கு வேர்த்துக் கொட்டும். மலையாட்டக் குமிச்சு வெச்ச சேலைக்கு நடுவுல உக்காந்து, அவன் வாங்கிக் குடுத்த கலரையும் குடிச்சுப்போட்டு, "நல்லாத்தான் இருக்குது, ஆனா மனசுக்குப் பதியல"ன்னு சொல்லி எந்திரிச்சு வருவா. ஒரு நாளும் அவ மூஞ்சியில சங்கடத்தை நான் பாத்ததில்ல. விரிக்கறது அவன் வேலை, மடிக்கறதும் அவன் வேலை. நடுவுல நமக்கென்ன?

சரி, சரக்குக்கு வருவோம். பட்டுக் கம்பளம், ஹெரகேன்னு பேரு, ஒண்ணரை மீட்டருக்கு ஒரு மீட்டர். 7,500 டாலர்னு ஆரம்பிச்சு, "இண்டியா மை பிரண்டு"ன்னு கட்டிப் புடிச்சு, உனக்கோசரம் 4,000-க்கு எறங்கிட்டான். நம்ம காசுக்கு மூணரை லட்சம். நடுவுல எறங்கின 3,500 டாலரு யாரு ஊட்டுக் காசு? மொதல்ல இருந்தே இல்லாத காசு. அதை லாபம்னு நீ கணக்குல எழுதாத.

பையன் ஒருத்தன் கம்பளத்தை மேல தூக்கிச் சொழட்டிக் கீழ போட்டிருப்பானே? அக்கட்ட இருந்து பாத்தா வெளுப்பு, இக்கட்ட இருந்து பாத்தா கருநீலம். "மேஜிக்"ன்னானா? ஒரு மேஜிக்கும் கெடையாது. முடிச்சுப் போட்டு வெட்டின நூலெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு நிக்கும். சாஞ்ச பக்கம் நின்னா வெளிச்சத்தை முழுங்கிக்கும், எதுத்த பக்கம் நின்னா திருப்பி அடிக்கும். பட்டுன்னா அது இன்னும் தூக்கலாத் தெரியும். தெரியற பக்கத்தைக் காட்டறவன் யாவாரி. நீ தெரியாத பக்கத்தைக் கேளு.

மூலையைப் புடிச்சுத் திருப்பு. கூச்சப்படாத, திருப்பு. பின்பக்கத்துல புள்ளி புள்ளியாத் தெரியுதா? அதுதான் முடிச்சு. துருக்கிக்காரன் முடிச்சு ரெண்டு பாவு நூலையும் சேத்துச் சுத்தி நடுவுல வெளிய வரும், இழுத்தா இன்னும் இறுகும். உன்ற சுண்டுவெரல் நகத்தை மேல வெய்யி. நகத்தளவுன்னா ஒரு சென்டிமீட்டர்னு வெச்சுக்க. குறுக்கால எத்தனை? நல்ல ஹெரகேன்னா குறுக்கால பத்து, நெடுக்கால பத்து இருக்கணும். ஒரு நகத்துக்கு அடியில நூறு முடிச்சு. கண்ணு தெரியலயா? செல்போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணி எண்ணு. எண்ணறப்ப அவன் பேச்சுக் குடுப்பான், உட்டுப்போடாத.

அப்படியே ஓரத்துக் குஞ்சத்தையும் பாரு. கையில நெய்ததுன்னா அந்தக் குஞ்சம் பாவு நூலோட நுனிதான், கம்பளத்துக்குள்ள இருந்தே வரும். தனியா வெச்சுத் தெச்சிருந்தா மிஷின் சரக்குன்னு சந்தேகப்படு. இதைக் கண்டுபுடிக்கறதுக்கு நீ பவானிக்காரன் பேரனா இருக்க வேண்டியதில்ல, கண்ணாடி போட்டிருந்தாப் போதும்.

பட்டுதானான்னும் ஒரு கேள்வி இருக்குது. வாழைநார்ப் பட்டு, மூங்கில் பட்டு, இன்னும் என்னென்னமோ பேரு வெச்சு மினுக்குற நூலெல்லாம் பட்டுன்னு விக்கறாங்க. குஞ்சத்துல ஒரு இழை கேட்டு வாங்கிக் கொளுத்து. பட்டுன்னா தலைமுடி பொசுங்கற நாத்தம் அடிக்கும், சாம்பல் தொட்டாத் தூளாயிரும். காயிதம் எரியற வாசம் வந்தா அது ரேயான், இல்லைன்னா பருத்தி. உருகி உருண்டையா நின்னுச்சுன்னா சொல்லவே வேண்டாம். "இழையெல்லாம் குடுக்க முடியாது சார்"ங்கறானா? அதுவும் ஒரு பதில்தான்.

இப்பக் கணக்குக்கு வா. கூலிக்கு நெய்தவனுக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு இது, உங்க கம்ப்யூட்டர்ல வராது. ஒண்ணரைக்கு ஒண்ணுன்னா பதினஞ்சாயிரம் சதுர சென்டிமீட்டர். நூறால பெருக்கு, பதினஞ்சு லட்சம் முடிச்சு. கை வேகமான பொம்பளை நாளைக்குப் பத்தாயிரம் முடிச்சுப் போடறான்னு வெய்யி. நூத்தம்பது நாள். அஞ்சு மாசம் லீவே இல்லாம.

கடைக்காரன் எத்தனை நாள்னு சொன்னான்? மூணு வருசமா! "ஒரு பொண்ணு மூணு வருசம் நெய்தா, கண்ணு போச்சு"ன்னானா? பாவம். அவ கண்ணு போனதோ இல்லையோ, உன்ற கண்ணு போயிருச்சு. மூணு வருசம்னா வேலை நாள் ஆயிரம்னு வெய்யி. மூணரை லட்சத்தை ஆயிரத்தால வகுத்தா நாளைக்கு 350 ரூபா. இதுக்குள்ளதான் பட்டு நூல் வெலை, கடை வாடகை, உன்னையக் கூட்டியாந்த கைடுக்குக் கமிசன், மூணு டம்ளர் டீ எல்லாம். நம்மூர்ல நூறு நாள் வேலைக்கே 2025-ல 336 ரூபா கூலி. மரத்தடியில உக்காந்து நாயம் பேசறதுக்கு அத்தனை குடுத்தப்ப, சுல்தான் அரண்மனைக் கம்பளத்துக்குப் பதினாலு ரூபாதான் சேத்தியா? மூணு வருசம் பொய்யி, இல்ல ஹெரகே பொய்யி. எதுன்னு அவனையே கேளு, சிரிச்சுட்டே கேளு.

ஹெரகேங்கறது நெசமான ஊருதான், கேவலமா எண்ணிராத. இஸ்தான்புல்லுக்குக் கிழக்கால, இஸ்மித் வளைகுடா ஓரத்துல இருக்குது. 1843-ல ராஜாங்கத்து ஆலை அங்க ஆரம்பிச்சுது, அரண்மனைக்குத் திரைச்சீலையும் துணியும் போச்சு, பொறகு கம்பளமும் போச்சு. அந்தப் பேருக்கு அத்தனை மதிப்பு. மதிப்பு இருந்தா அதுக்கு ஒரு நகலும் இருக்குமல்லோ? சீனாவுல நெய்து, மூலையில ஹெரகேன்னு பேரையும் நெய்து அனுப்பறாங்க. அதுவும் கையில நெய்ததுதான், பட்டுத்தான், அழகாவும் இருக்கும். ஊருதான் வேற, வெலையும் வேற.

எனக்கு இது ஆச்சரியமில்ல. நம்ம பவானி ஜமக்காளத்துக்கு 2005-ல புவிசார் குறியீடு வந்துச்சு. அதுக்கு இருவது வருசம் முன்னாலயே, 1985-லயே, ஜமக்காளத்தைக் கைத்தறியிலதான் நெய்யணும்னு சட்டமும் போட்டாச்சு. என்ன ஆச்சு? சோலாப்பூர் விசைத்தறியில ஓட்டின சரக்கு பவானி ஜமக்காளம்னு பேரு கட்டிட்டு நம்ம தெருவுக்கே வந்து எறங்குது. உன்ற கண்ணாலத்துக்கு மண்டபத்துல விரிச்சதும் அதுதான். நான் அன்னைக்குத் திருப்பிப் பாத்தேன், பொண்ணு ஊட்டுக்காரங்க மனசு நோகக்கூடாதுன்னு வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணு. பக்கத்துக் கடையில "நூத்திருவது வருசத்துப் பழசு"ன்னு ஒண்ணு காட்டினாங்கன்னு சொன்ன. அதை நீ வாங்கணும்னா ரொம்ப நல்லது, எனக்கும் ஒரு ஜெயிலைப் பாத்த மாதிரி இருக்கும். நூறு வருசத்துக்கு மேல ஆன கம்பளத்தைத் துருக்கியை உட்டு எடுத்துட்டுப் போக உடமாட்டாங்க. 1983-ல போட்ட சட்டம். பழசு இல்லைன்னு மியூசியத்துல காயிதம் வாங்கணும். ஆகக்கூடி அவன் சொல்றது நெசம்னா நீ கொண்டார முடியாது, கொண்டார முடியும்னா அவன் சொல்றது நெசமில்ல. பழசாக்கறதுக்கும் அவங்ககிட்டக் கைப்பக்குவம் இருக்குது. அண்டால்யா பக்கம் தோஷெமேல்ட்டிங்கற ஊர்ல வயக்காட்டுல ஆயிரக்கணக்குல கம்பளத்தை விரிச்சு, கோடை முச்சூடும் வெயில்ல போட்டு நெறத்தை மட்டுப்படுத்தறாங்க. மஞ்சக் காயப்போட்ட களத்தைப் பாத்தவனுக்கே அந்தப் படத்தைப் பாத்தா வாய் பொளந்துரும்.

உன்ற பொண்டாட்டி கிலிம் ஒண்ணைப் பாத்துட்டே நின்னான்னு சொன்னயே, அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கிலிம்ல முடிச்சே கெடையாது. ஊடை நூலே பாவை மூடிக்கும், பட்டையா, தட்டையா. நம்ம ஜமக்காளமும் அதே சாதிதான். அவங்க நெறம் மாறற எடத்துல நூலைத் திருப்பித் திருப்பி உருவம் கொண்டாருவாங்க, நாம பட்டை பட்டையா ஓட்டிப்போடுவோம். அதனால வெலையும் முடிச்சுக் கம்பளத்துல ஒரு பங்குதான் வரும். அதுலயும் கதை சொல்வான். இடுப்புல கை வெச்சு நிக்கற பொம்பளை உருவத்தைக் காட்டி, "இது தாய்மை"ம்பான். கடாக் கொம்பைக் காட்டி, "இது வீரம்"பான். "நெய்த பொண்ணு தன்ற கண்ணாலக் கனவையே நெய்திருக்கறா"ன்னு கண்ணுல தண்ணி உடுவான்.

கேளு, நல்லாக் கேளு, ரசிச்சுக் கேளு. நம்பறதுக்கு முன்னால இதையும் கேட்டுக்க. ஒருக்கா டில்லியில கைத்தறிக் கண்காட்சிக்குச் சங்கத்துல இருந்து என்னையும் அனுப்பினாங்க. ஒரு சீமாட்டி வந்து, "இந்தச் செவப்புப் பட்டைக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டா. "கூடுதுறையில காவேரியும் பவானியும் சேர்ற எடத்துல சங்கமேஸ்வரர் கோயிலு இருக்குதுங்கம்மா, அங்க குடுக்கற குங்குமத்து நெறமுங்க"ன்னேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டு ரெண்டு ஜமக்காளம் வாங்கிட்டுப் போனா. நெசம் என்னன்னா, அந்த வாரம் தறிப் பண்ணையில மிச்சம் கெடந்தது செவப்பு நூல்தான். அவளுக்கு நட்டமில்ல, சரக்கு நல்ல சரக்கு. அதனாலதான் சொல்றேன், கதையைக் கழிச்சுப்போட்டுப் பாத்தாலும் சரக்கு நிக்குதான்னு பாரு.

நீ உக்காந்திருக்கற சந்தைக்கு நடக்கற தூரத்துல சுல்தான்அகமது மைதானத்துல, இப்ராகிம் பாஷா மாளிகையில ஒரு மியூசியம் இருக்குது. கோன்யா ஊரு மசூதியில கெடச்ச எழுநூறு வருசத்துக் கம்பளமெல்லாம் அங்க தொங்குது. போயி ஒரு மணி நேரம் பாத்துப்போட்டு அப்பறம் கடைக்கு வா. அங்க டீ குடுக்கமாட்டாங்க, அதனால கண்ணு நல்லாத் தெரியும். சாயம் பத்தியும் தெரிஞ்சுக்கலாம். 1981-ல அய்வாஜிக் பக்கத்துக் கிராமத்துப் பொம்பளைங்களைச் சேத்து, ஒரு ஜெர்மன்கார வாத்தியாரு, பழைய வேர்ச்சாயத்தையெல்லாம் திரும்பக் கண்டுபுடிச்சுக் கம்பளம் நெய்ய வெச்சாரு. செவப்புக்கு மஞ்சிட்டிச் சாதி வேருதான். அந்த மாதிரிக் கூட்டுறவுச் சரக்குன்னா, நெய்தவ யாருன்னு கேக்கறதுக்குப் பதில் கெடைக்கும்.

வாங்கி எங்க விரிப்ப? பெங்களூருல பன்னெண்டாவது மாடியில, ஆசாரம்னு பேரு, நாலு பேரு படுத்தா அஞ்சாவது ஆளு நின்னுட்டுத் தூங்கணும். உன்ற பையன் ராகிக் களி கையோட ஓடியாருவான். மூணரை லட்சத்து மேல அவன் கால் வெச்சா உனக்கு ரத்தக் கொதிப்பு வரும், வெக்காதேன்னு சொன்னா அவனுக்கு அழுகை வரும். "சொவத்துல மாட்டிக்குவேன்"ங்கற. மாட்டு. நடக்கறதுக்கு நெய்ததை ஆணியில தொங்க உட்டா அது காலண்டரு. தேதி மட்டும் இருக்காது.

ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்க. பின்பக்கம் சரியா இருந்து, இழை கருகி, நூறு முடிச்சும் எண்ணிப் பாத்து, அதுக்கும் மேல உன்ற கண்ணு அதை உட்டு நகரலைன்னா வாங்கிக்க. ஆசைக்கு வாங்கறேன்னு சொல்லி வாங்கு. எனக்குக் கொறையொண்ணுமில்ல, நெய்தவளுக்குக் கொஞ்சமாவது போயிச் சேரும். "முதலீடு"ன்னு மட்டும் சொல்லாத, எனக்குச் சிரிப்பு வந்து பல்செட்டு கழண்டுரும்.

காசு கட்டறப்ப மிஷின்ல "ரூபாயா, லிராவா"ன்னு கேக்கும். ரூபாயை அமுக்காத, அந்த மாத்து வெகிதத்துல அவங்க ஒரு கை பாத்துருவாங்க. "கப்பல்ல அனுப்பி வெக்கறோம்"னா, கம்பளத்துப் பின்னால உன்ற கையெழுத்தைப் போட்டுப் போட்டோ எடுத்து வெய்யி. இல்ல, மடிச்சுக் கட்டச் சொல்லு. அதுல அவங்க கெட்டிக்காரங்க, கோழிக்கூடை அளவுக்குச் சுருட்டிக் குடுத்துருவாங்க.

நம்ம ஏர்போர்ட்டுல எறங்கினா இன்னொரு யாவாரி உக்காந்திருப்பாரு, அவரு டீயும் குடுக்கமாட்டாரு. 2016-ல வந்த விதியில தலைக்கு 50,000 ரூபாச் சாமானுக்குத்தான் வெலக்கு இருந்துச்சு, மிச்சத்துக்கு 38.5 சதவீதம் வரி போட்டாங்க. வரம்பை ஏத்தினாலும் மூணரை லட்சத்துக்கு ஏத்த மாட்டாங்க. புருசன் பங்கையும் பொண்டாட்டி பங்கையும் ஒட்டுக்காச் சேத்தவும் உடமாட்டாங்க. அதனால 4,000 டாலர்ங்கறது 4,000 டாலர் இல்ல. சினேகிதக்காரங்ககிட்டக் கொறச்சுச் சொல்லிக்க, சாமர்த்தியம்பாங்க. கஸ்டம்ஸ்காரருக்கு நெசத்தைச் சொல்லிப் பில்லை நீட்டு. உங்கம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு நீயே பாத்துக்க, அவ தக்காளிக்கே நாலு கடை ஏறி எறங்கறவ.

என்ன, கடைக்காரன் "இது வருசாவருசம் வெலை ஏறும், தங்கம் மாதிரி"ன்னு சொல்றானா? எனக்கே காதுல உழுகுது. நல்லதாப் போச்சு. போனை ஸ்பீக்கர்ல போடு. போட்டுட்டு அவன்கிட்ட இதை மட்டும் கேளு: "அடுத்த வருசம் இதே கம்பளத்தை இதே பில்லோட கொண்டாந்தா, எத்தனைக்குத் திருப்பி எடுத்துக்குவீங்க?" கேட்டுப்போட்டு சும்மா இரு, நீ பேசாத. அவனுக்குத் திடீர்னு இங்கிலீஸ் மறந்துபோச்சுன்னா பையைத் தூக்கிட்டு எந்திரி. மறக்காம ஒரு வெலையைச் சொன்னான்னா போனை அவன் கையில குடு. அறையில பதினெட்டு ஜமக்காளம் அடுக்கி வெச்சிருக்கறேன், கைத்தறி, அசல் பவானி. அவன் கடையில எத்தனை எடுத்துக்குவான்னு நான் பேசிக்கறேன்.